மார்க்கா பள்ளத்தாக்கு ஹோம்ஸ்டே: கூடாரம் தூக்காமல் 5,200 மீட்டர் வரை

லடாக்கில் வழிகாட்டி, குதிரை, சமையல்காரர் யாரும் இல்லாமல் தனியாக ட்ரெக்கிங் போக வேண்டும் என்று யார் கேட்டாலும் மார்க்கா பள்ளத்தாக்கைத்தான் சொல்வேன். பாதை அழகு என்பதெல்லாம் அப்புறம், முதல் காரணம் அங்கே இருக்கும் வீடுகள். ஸ்கியு, மார்க்கா, ஹங்கர் என்று வழியில் ஊர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எந்த ஊரில் நின்றாலும் ஒரு வீட்டில் படுக்கை, இரவுச் சாப்பாடு, காலை டிபன், மதியத்துக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாடு எல்லாம் கிடைத்துவிடும். கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு எதையும் சுமக்க வேண்டாம் என்றால் பையின் கனம் பாதியாகிவிடும். 4,000 மீட்டருக்கு மேல் பை தூக்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று ஊருக்கே ஒரே விலைதான். நான் போனபோது சாப்பாட்டோடு சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். பேரம் பேசாதீர்கள், அந்த உயரத்தில் அரிசியும் கேஸ் சிலிண்டரும் வந்துசேரும் பாட்டைப் பார்த்தால் பேச மனமும் வராது.

வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது சமையலறை. நடுவில் பெரிய இரும்பு அடுப்பு, அதில் காய்ந்த சாணம் எரிகிறது, சுவர் முழுக்கத் தட்டுகளில் பித்தளை, செம்புப் பாத்திரங்கள் பளபளவென்று அடுக்கியிருக்கும். நாம் கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் முன்னால் குட்டை மேஜை. ஹங்கரில் அந்த வீட்டு அம்மா கோதுமை மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திக் கிண்ணம் மாதிரி குழித்து, உருளைக்கிழங்கும் கீரையும் கொதிக்கும் குழம்பில் போட்டுக்கொண்டே இருந்தார். ஸ்க்யு என்று பெயர், நாள் முழுக்க நடந்த பசிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. உலர்ந்த இறைச்சி சேர்ப்பதும் உண்டு, சைவம் என்றால் போனவுடனே சொல்லிவிடுங்கள். காலையில் கம்பீர் என்ற லடாக்கி ரொட்டியும் பாதாமி (ஆப்ரிகாட்) ஜாமும், கூடவே உப்பு போட்ட வெண்ணெய்த் தேநீர். கழிப்பறை உலர் வகை, தரையில் ஓட்டை, பக்கத்தில் மண்குவியலும் மண்வெட்டியும். முடித்தபின் இரண்டு மண்வெட்டி மண் தள்ள வேண்டும், அவ்வளவுதான். நாற்றமே இல்லை, தண்ணீரும் வீணாவதில்லை.

இந்த ஏற்பாட்டின் பின்னணியும் தெரிந்துகொள்ள வேண்டியது. இது ஹெமிஸ் தேசியப் பூங்கா, பனிச்சிறுத்தையின் இடம். பட்டிக்குள் புகுந்து அது ஆடுகளை அடித்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருடப் பிழைப்பே போய்விடும், கோபத்தில் சிறுத்தையைக் கொல்வார்கள். அதனால்தான் 2000களின் தொடக்கத்தில் ஸ்னோ லெப்பர்டு கன்சர்வன்சி அமைப்பு ஊர்க்காரர்களோடு சேர்ந்து பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை போட்டுக்கொடுத்தது, பக்கத்து ரும்பாக் பகுதியில் ஹோம்ஸ்டேக்களையும் தொடங்கிவைத்தது. சிறுத்தை இருப்பதால் ஆட்கள் வருகிறார்கள், அந்தப் பணம் வீட்டுப் பெண்கள் கையில் சேருகிறது. பல ஊர்களில் விருந்தினரை முறைவைத்து வீட்டுக்கு வீடு அனுப்புகிறார்கள். இன்ன வீடுதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் முறை வந்த வீட்டுக்கே போங்கள்.

குறைகளும் இருக்கின்றன. கட்டிக்கொடுக்கும் மதியச் சாப்பாடு பல வீடுகளில் சப்பாத்தி, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, ஒரு ஜூஸ் டப்பாவோடு முடிந்துவிடும். ஏற்றமுள்ள நாளில் அது போதவே போதாது, கடலைமிட்டாயும் பேரீச்சையும் கிளம்பும் முன் லே நகரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஹங்கரைத் தாண்டி வரும் நிமாலிங்கில் ஊரே இல்லை, வெறும் மேய்ச்சல்வெளி, அங்கே போட்டிருக்கும் கூடாரங்களில்தான் படுக்க வேண்டும். ஆகஸ்டில் நெரிசல், போர்வைகள் மெல்லியவை, ராத்திரி குளிர் எலும்பு வரை போகும். சொந்த ஸ்லீப்பிங் பேக் இல்லாமல் தயவுசெய்து போகாதீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் உயரம். ஹங்கர் சுமார் 4,000 மீட்டர், நிமாலிங் சுமார் 4,800. ஒரே நாளில் 800 மீட்டர் கூடுதல் உயரத்தில் போய்த் தூங்குவது சரியல்ல. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குள் கூட்டுவதுதான் பாதுகாப்பு. நடுவில் தச்சுங்ட்சேயில் முகாம் இருக்கிறது, ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள். வீட்டுக்கு வீடு சுலபமாக நடந்துபோய்விடலாம் என்பதாலேயே பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள், அப்புறம் தலைவலியும் வாந்தியுமாக 5,200 மீட்டர் கோங்மாரு லா கணவாயின் அடிவாரத்திலேயே திரும்புகிறார்கள். தனியாகப் போகிறவருக்கு 'இன்றைக்குப் போதும்' என்று சொல்ல ஆள் கிடையாது. தலைவலி குறையாவிட்டால் ஏறாதீர்கள், கூடினால் இறங்குங்கள்.

லேயை விட்டால் வழியில் ஏடிஎம் கிடையாது, ரொக்கம் எடுத்துப் போங்கள், சில்லறை நோட்டுகளாக. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, பள்ளத்தாக்குக்குள் போஸ்ட்பெய்டுக்கும் பெரும்பாலும் சிக்னல் இருக்காது, திரும்பும் தேதியை லேயில் தங்கிய இடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டியிருந்தால் காலையிலேயே கடந்துவிடுங்கள், வெயில் ஏறினால் பனி உருகி மத்தியானம் தண்ணீர் கூடிவிடும். சாலை உள்ளே நீண்டுகொண்டே போவதால் ஆரம்பப் பகுதியில் ஜீப் தூசியோடு நடக்க வேண்டியிருக்கிறது. அந்தத் துண்டுக்கு மட்டும் வண்டி பிடித்துவிட்டு, மிச்சமாகும் நாளைத் தச்சுங்ட்சேயில் செலவழிக்கலாம்.