முன்விற்பனை டோக்கனா, வைப்பா, பவுணா: ஒரு சீட்டுக் காசின் கணக்கு

சீட்டு முடிந்து ஆறு லட்சம் ரூபாய் கைக்கு வந்தபோது வீட்டில் மூன்று யோசனைகள் இருந்தன. அண்ணனின் மகன் ஒரு கிரிப்டோ டோக்கனின் முன்விற்பனையில் (சந்தைக்கு வரும் முன்பே உருவாக்கியவர்கள் கட்டம் கட்டமாக விற்பது) பாதியையாவது போடச் சொன்னான். என் கணவர் வங்கியில் நிலையான வைப்பு என்றார். எனக்கு மனம் பவுணில் இருந்தது. கடைசியில் பெரும்பகுதி பவுணுக்கும் மிச்சம் வைப்புக்கும் போனது. முன்விற்பனைக்கு ஒரு சதமும் போகவில்லை. யாழ்ப்பாணத்தில் இப்போது பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. அதனால் நான் பார்த்த கணக்கை விபரமாகவே எழுதுகிறேன்.

மூன்றையும் ஒரே கேள்வியால்தான் அளந்தேன். ஆஸ்பத்திரிச் செலவோ பிள்ளையின் படிப்புச் செலவோ திடீரென்று வந்தால், இந்தக் காசை எவ்வளவு கெதியாக, யாரிடமிருந்து, என்ன விலைக்குத் திரும்ப ரூபாயாக எடுக்கலாம்? லாபம் எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான்.

வைப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முறிக்கலாம், வட்டி குறையும், முதல் வரும். இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு இருக்கிறது. வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிப்பார்கள். அதன் குறை விலைவாசியில் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த வருடம் பழைய வட்டிக்கு வைப்பு வைத்திருந்தவர்களுக்கு முதல் அப்படியே இருந்தது, ஆனால் அதால் வாங்கக்கூடிய சாமான் ஐந்தில் இரண்டு பங்களவு குறைந்துவிட்டது. அதனால்தான் முழுவதையும் அங்கே போட எனக்கு மனமில்லை.

இனி முன்விற்பனை. மருமகன் போனில் காட்டிய பக்கத்தின் மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஏழாவது கட்டமாம், நேரம் முடிந்ததும் விலை ஏறுமாம். "லிஸ்ட் ஆன அண்டைக்கே ரெண்டு மடங்கு, மாமி" என்றான். லிஸ்ட் ஆவது, அதாவது பட்டியலிடுவது என்றால், டோக்கன் பொதுச் சந்தையில் கைமாறத் தொடங்குவது. அந்த விலையை யார் நிர்ணயிக்கிறார்கள் என்று கேட்டேன். விற்பவர்தான். வாங்குபவர்களும் விற்பவர்களும் பேரம் பேசி வந்த விலை அல்ல அது. கட்டத்துக்குக் கட்டம் ஏறுவதெல்லாம் அவர்களே எழுதிவைத்த அட்டவணை.

அவர்களுடைய வெள்ளை அறிக்கையை (திட்டத்தை விளக்கி அவர்களே வெளியிடும் ஆவணத்தை) திறந்து, டோக்கனை எப்போது கையில் தருவார்கள் என்ற பகுதியைத் தேடினோம். பட்டியலிடும் நாளில் 10 வீதம். பிறகு மூன்று மாதம் ஒன்றுமில்லை. மிச்சம் பன்னிரண்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. சரி, அவன் சொன்னபடியே எல்லாம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று லட்சம் போடுகிறோம். பட்டியலிட்ட நாளில் விலை இரட்டிப்பாகிறது. ஆனால் கையில் இருப்பது 30,000 ரூபாய்க்கு வாங்கிய டோக்கன் மட்டுமே. அதை விற்றால் 60,000. மிச்சம் 270,000 ரூபாய்க்கு வாங்கியது பூட்டில் இருக்கிறது. அது வெளியே வரும் மாதங்களில் விலை நாங்கள் வாங்கிய விலையின் பத்தில் ஒன்றாக விழுந்தால் 27,000. ஆக மொத்தம் 87,000. 'முதல் நாளே இரட்டிப்பு' என்ற வாக்குறுதி பொய்யாகாமலே இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விடுகிறது. முதல் கட்டத்தில் மிக மலிவாக வாங்கியவர்களும், ஒதுக்கீடு வைத்திருக்கும் உருவாக்குனர்களும் அதே மாதங்களில்தான் விற்கத் தொடங்குவார்கள் என்பதால் இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல.

பூட்டுத் திறந்தாலும் வாங்க ஆள் வேண்டும். புதிய டோக்கன்கள் பெரும்பாலும் ஒரு 'பூல்' வழியாகத்தான் கைமாறுகின்றன. அதில் ஒரு பக்கம் டொலர், மறுபக்கம் டோக்கன். பூலில் 50,000 டொலரும் 50 லட்சம் டோக்கனும் இருந்தால் ஒரு டோக்கன் ஒரு சதம். யாரோ ஒருவர் 50 லட்சம் டோக்கனை விற்கிறார் என்றால், வழமையான சூத்திரப்படி (இரு பக்கத்தையும் பெருக்கி வரும் தொகை மாறக்கூடாது) அவருக்குக் கிடைப்பது 25,000 டொலர்தான், விலை கால்பங்காகிவிடும். அடுத்து அதே அளவு விற்பவருக்குச் சுமார் 8,300 டொலர். திரையில் தெரியும் விலையை நம்பி என் கையில் இவ்வளவு இருக்கிறது என்று பெருக்கிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. முதலில் ஓடுபவருக்குத்தான் அந்த விலை. பூலில் டொலரைப் போட்டவர்களே அதை உருவிக்கொண்டு போனால் அதுவும் இல்லை.

விற்கவே விடாத டோக்கன்களும் உண்டு. 2021 நவம்பரில் ஸ்குவிட் என்ற டோக்கன் 2,800 டொலரைத் தாண்டி ஏறி, சில நிமிடங்களில் பூச்சியத்துக்கு வந்தது. ஏறிக்கொண்டிருந்த நாட்களிலேயே வாங்கியவர்கள் விற்க முடியாமல் தவித்தார்கள். ஏமாற்றும் எண்ணம் இல்லாமலும் காசு போகலாம். 2024 மார்ச்சில் சிலர்ஃப் என்ற டோக்கனை உருவாக்கியவர், முன்விற்பனையில் வாங்கியவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த டோக்கன்களையும் பூலின் உரிமையையும் தவறுதலாக அழித்துவிட்டார். சுமார் ஒரு கோடி டொலர் கொடுத்தவர்களுக்கு வரவேண்டிய டோக்கன் இல்லாமல் போனது. மறுபடி அச்சிடும் அதிகாரத்தையும் அவர் முன்பே கைவிட்டிருந்தார். முகப்பில் ஒட்டியிருக்கும் 'ஓடிட் செய்யப்பட்டது' என்ற முத்திரை டோக்கனின் கணினி நிரலைத்தான் பார்க்கும், நிரலை எழுதியவரின் நாணயத்தையும் கவனத்தையும் பார்க்காது.

மருமகனின் பலமான வாதம் எதீரியம், பிட்கொயினுக்கு அடுத்ததாகப் பெயர்பெற்ற கிரிப்டோ வலையமைப்பு; அதன் நாணயம் ஈதர். 2014இல் அதன் முன்விற்பனையில் ஒரு ஈதர் சுமார் 31 அமெரிக்கச் சதத்துக்குப் போனது உண்மைதான். வாங்கியவர்கள் 2015 ஜூலையில் வலையமைப்புத் தொடங்கும்வரை விற்க ஒன்றுமில்லாமல் காத்திருந்ததும் உண்மை. ஆனால் இன்று யாரும் ஒரு டோக்கனைச் சில நிமிடத்தில் உருவாக்கிவிடலாம். அந்தக் கூட்டத்தில் அடுத்த எதீரியத்தை என்னால் பொறுக்கி எடுக்க முடியாது, அவனாலும் முடியாது. பெயர்பெற்ற நிறுவனம் என்றாலும் நிச்சயமில்லை. 2018இல் டெலிகிராம் தன் கிராம் டோக்கனுக்காக 170 கோடி டொலர் திரட்டியது. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு வழக்குப் போட, 2020இல் 120 கோடிக்கு மேல் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டது. அங்கே வழக்குப் போட ஒரு ஆணைக்குழு இருந்தது. எங்களுக்கு அப்படி யாரும் இல்லை. கிரிப்டோ இங்கே ஒழுங்குபடுத்தப்படவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய வருடங்களில் பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது.

காசு போகும் வழியும் வரும் வழியும் சிக்கல்தான். வங்கி அட்டைகளால் கிரிப்டோ வாங்க இலங்கையில் அனுமதியில்லை. ஆகவே முகம் தெரியாத ஒருவரின் கணக்குக்கு ரூபாய் அனுப்பி யூஎஸ்டிடி (ஒரு டொலர் மதிப்போடு கட்டிவைத்த டோக்கன்) வாங்குகிறார்கள். திரும்ப விற்கும்போது முகம் தெரியாத இன்னொருவரின் காசு எங்கள் கணக்குக்கு வரும். அது மோசடிக் காசாக இருந்துவிட்டால் எங்கள் கணக்கு முடங்கலாம், பொலிஸில் விளக்கம் சொல்லவும் நேரலாம். இன்னொன்று, பல முன்விற்பனைகளில் ஆள் சேர்ப்பவருக்குப் பங்கு உண்டு. உங்களுக்கு யாரும் ஒரு இணைப்பை அனுப்பினால், இதில் உனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள். 2023இல் எம்டிஎஃப்இ என்ற முதலீட்டுச் செயலி சரிந்தபோது எத்தனையோ இலங்கையரின் காசு போனது. அதுவும் தெரிந்தவர் தெரிந்தவரைச் சேர்த்துப் பரவியதுதான்.

பிட்கொயின் போல ஏற்கெனவே பெரிய சந்தையில் இருப்பவை வேறு கதை. அங்கே எந்த நேரமும் வாங்க ஆள் இருக்கிறது, பூட்டும் இல்லை. நான் அவற்றை வைத்திருந்ததில்லை, ஆகவே அதில் என் பேச்சை அளவோடு எடுங்கள். ஆனால் ரூபாயாக மாற்றும் சிக்கல் அதற்கும் பொருந்தும்.

இனி பவுண். கஸ்தூரியார் வீதியில் வேலைப்பாடில்லாத 22 கரட் காப்பாக வாங்கினேன். கல் பதித்தது வேண்டாம் என்று முதலே முடிவு. விற்கும்போது கல்லின் நிறையைக் கழித்துவிடுவார்கள், செய்கூலி திரும்பி வராது. வேலைப்பாடு கூடக் கூட வாங்கிய அன்றே இழப்பதும் கூடும். தங்க நாணயத்துக்குச் செய்கூலி இன்னும் குறைவு, ஆனால் அடகுக்கு எடுப்பார்களா என்று உங்கள் வங்கியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு முடிவைத் தந்தது அந்த அடகு கவுண்டர்தான். அடையாள அட்டையும் காப்பும் கொண்டுபோனால் உரைத்துப் பார்த்து, நிறுத்து, ஒரு பவுணுக்கு இவ்வளவு என்று அன்றைய முற்பணத்தைச் சொல்வார்கள். சந்தை விலையைவிடக் குறைவாகத்தான் தருவார்கள், வட்டியும் உண்டு. ஆனால் அதே காலையில் ரூபாய் கையில், அரச வங்கியின் அடகுச் சீட்டும் கையில். காசு கட்டினால் காப்பு திரும்பி வரும். விற்காமலே காசு எடுக்கும் இந்த வழி முன்விற்பனை டோக்கனுக்கு எங்கே இருக்கிறது? எந்த வங்கிக் கவுண்டரும் அதை வாங்கி வைக்காது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீடு, காணி, கடை எல்லாவற்றையும் விட்டு நடந்த சனத்துக்கு, மடியில் கட்டிக்கொண்டு போன நகைதான் போன இடத்தில் சோறானது. அதைப் பார்த்து வளர்ந்ததால் எனக்குத் தங்கத்தில் ஒரு சாய்வு இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

தங்கமும் விழும். 2011இல் ஒரு அவுன்ஸ் 1,900 டொலரைத் தொட்டு, 2015 கடைசியில் 1,050 அளவுக்கு வந்தது. உச்சியில் வாங்கியவர்கள் பல வருடம் காத்திருந்தார்கள். களவுப் பயமும் உண்டு, வங்கிப் பெட்டகத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அடகைத் தவணைக்கு மீட்காவிட்டால் ஏலத்தில் போகும். ஆனால் நான்கு வருடத்தில் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்த அந்த மோசமான காலத்திலும் கஸ்தூரியார் வீதியில் எந்த நாளும் அதற்கு ஒரு விலை இருந்தது.

மருமகன் தன் சம்பளத்தில் கொஞ்சம் போட்டுப் பார்க்கிறேன் என்கிறான். அது அவன் காசு. மூன்று விஷயம் மட்டும் கேட்டேன்: டோக்கன் வெளியே வரும் திகதிகளை எழுதிவை, முக்கிய வொலட்டை (டோக்கன்களை வைக்கும் டிஜிட்டல் பணப்பையை) அந்தப் பக்கத்தோடு இணைக்காதே, கடன் வாங்கியோ அம்மாவின் நகையை வைத்தோ போடாதே. முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டினான். மூன்றாவதற்கு வாயால் பதில் சொல்லும்வரை நான் விடவில்லை.