சட்டமா, மேஸ்திரியா, கூட்டமா? தேயிலைத் தொழிற்சாலைச் சிக்கல்களுக்கு மூன்று வழிகள்

குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் இன்று மூன்று கூட்டத்தார் ஒரே ஷிப்டில் நிற்கிறார்கள். சுற்றுவட்டார ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்கள்) வரும் படுகர்கள், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அப்புறம் ஜார்கண்ட், அசாம் ஆட்கள். இவர்களுக்குள் ஒரு சிக்கல் வந்தால் மேனேஜர் முன்னால் மூன்று வழி இருக்கிறது. சட்டத்தையும், தொழிற்சாலையின் வேலை விதிகளான நிலையாணையையும் பிரித்துப் பார்ப்பது முதல் வழி. ஆட்களைக் கூட்டிவந்த மேஸ்திரியிடம் "நீயே பார்த்து முடிச்சு விடுப்பா" என்பது இரண்டாவது. எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுவது மூன்றாவது.

பல இடங்களில் ஏதாவது ஒன்று பழக்கமாகி, எல்லாவற்றுக்கும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். எந்தச் சிக்கலுக்கு எந்த வழி என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

பண்டிகை லீவு

தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு இன்னும் ஐந்து பண்டிகை நாட்களுக்குச் சம்பளத்துடன் லீவு உண்டு. அந்த ஐந்து எவை என்பதில்தான் இழுபறி. என்றைக்கோ ஒட்டிய பட்டியலில் பொங்கலும் தீபாவளியும் கட்டாயம் இருக்கும். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மாவட்டமே உள்ளூர் விடுமுறை விடும். அன்று படுகர் ஆட்கள் வராவிட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. உறைபனிக் காலம், பச்சைத் தேயிலை வரத்தும் குறைவு, நிர்வாகத்துக்குப் பெரிய நஷ்டமில்லை.

ஜார்கண்ட் ஆட்களின் கரம் பண்டிகை ஆவணி, புரட்டாசி வாக்கில் வரும். கரம் மரக்கிளையை நட்டு விடிய விடிய ஆடுவார்கள். அப்போது கொழுந்து வந்துகொண்டிருக்கும், ராத்திரி ஷிப்டும் ஓடும். சட்டப் புத்தகத்தை மட்டும் பார்க்கிற மேனேஜர், பட்டியலில் இல்லாத நாள், வராதவருக்குச் சம்பளம் கட் என்று முடித்துவிடுவார். சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் சம்பளம் போய்விடுமே என்று தூக்கமில்லாத கண்ணோடு ஒருவர் வந்து, கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சிடிசி மெஷின் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதையும் அவர் யோசிக்க வேண்டும்.

மேஸ்திரியிடம் விட்டால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பாதிப் பேர் போங்க, பாதிப் பேர் இருங்க என்பார். யார் போவது, யார் இருப்பது என்பதை அவரே முடிவு செய்வார். அவரிடம் கடன் வாங்கியவர்தான் ஷிப்டில் நிற்பார்.

உட்கார்ந்து பேசினால் ஒரு மதியம் போகும். ஆனால் பேசினால்தான் ஒரு விஷயம் வெளியே வரும்: 'ஜார்கண்ட் ஆட்கள்' என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பவர்களுக்குள்ளேயே சர்னா என்னும் பழங்குடி வழிபாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கரம் நாள் வேண்டும், இன்னொருவருக்குக் கிறிஸ்துமஸ் போதும். அப்புறம் ஷிப்டை மாற்றிக்கொள்வது பெரிய காரியமில்லை. டிசம்பரில் அவருக்காக இவர் நிற்பார், செப்டம்பரில் இவருக்காக அவர். இந்த மாதிரி விஷயத்தில் கூட்டம்தான் சரி, சந்தேகமே வேண்டாம். கேன்டீனில் என்ன சமைப்பது, குடியிருப்பில் எத்தனை மணிவரை பாட்டுப் போடுவது, எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கூலி

கூலி விஷயத்தில் கூட்டம் கூடிப் பேச எதுவும் இல்லை. ஆனாலும் நம் மலையில் அதிகமாக மேஸ்திரி கைக்குப் போவது கூலிதான்.

நான் ஒரு தொழிற்சாலையில் பார்த்ததைச் சொல்கிறேன். சம்பளம் முறையாக வங்கிக் கணக்கில்தான் போட்டார்கள், ரிஜிஸ்டரும் சுத்தம். ஆனால் ஏடிஎம் கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி மேஸ்திரி சட்டைப்பையில் வைத்திருந்தார், பின் நம்பர் அவரவர் கார்டின் பின்னால் பேனாவால் எழுதியிருந்தது. கேட்டால், "அவங்களுக்கு மெஷின்ல எடுக்கத் தெரியாது சார், நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்" என்றார். பாதி உண்மைதான். மீதிப் பாதி, ஊரிலிருந்து வர ரயில் டிக்கெட்டுக்கும் அட்வான்சுக்கும் பிடிக்கிற பணம். அது எவ்வளவு என்பது மேஸ்திரிக்கு மட்டும்தான் தெரியும்.

இது நமக்குப் புதுக் கதையா என்ன? இலங்கைத் தோட்டங்களில் கங்காணி ஆள் பிடித்ததும், தலைக்காசு வாங்கியதும், தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி அந்தக் கடனோடு அவரை அடுத்த தோட்டத்துக்குத் தள்ளியதும் இங்கே பல வீடுகளில் தாத்தா பாட்டி காலத்து நினைவு. துண்டு முறையை 1921-இலேயே ஒழித்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளை இன்று சூப்பர்வைசராக இருந்துகொண்டு, மேஸ்திரி கையில் கார்டுக் கட்டைப் பார்த்தும் பேசாமல் போகிறார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

1979-இல் வந்த மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம், புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் ஒன்றைத் தொழிலாளி கையில் கொடுக்கச் சொன்னது. ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை முதலாளிதான் தர வேண்டும் என்றும் சொன்னது. கூலியில் "அவங்க ஆளு, அவங்க வழக்கம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே சட்ட வழிதான் வழி. மேஸ்திரி நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியே இல்லை.

பெண்களின் புகார்

இதில் கூட்டம் போடுவதுதான் ஆகப் பெரிய ஆபத்து. ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, ஒரு மன்னிப்பு, ஒரு தொகை, "பொண்ணு பேரு கெட்டுடும்" என்ற அறிவுரையோடு முடித்துவிடுவார்கள். மேஸ்திரியிடம் விட்டால் அந்தப் பெண்ணையே ரயில் ஏற்றி அனுப்பிவிடுவார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், அதற்கும் சின்ன இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சமரசம் என்பது அந்தப் பெண்ணே கேட்டால்தான், அதுவும் பணத்தை அடிப்படையாக வைத்து இருக்கக் கூடாது.

சட்ட வழியின் ஓட்டை

சட்ட வழிக்கு ஒரு பெரிய குறை உண்டு: மொழி. எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் தொங்கும். மிஞ்சிப் போனால் இந்தியில் ஒரு தாள். வந்திருப்பவர் வீட்டில் பேசுவது சாத்ரியாகவோ முண்டாரியாகவோ குடுக்காகவோ இருக்கும். (குடுக் திராவிட மொழிதான், தமிழுக்குத் தூரத்துச் சொந்தம். அதை நம்பிக் கூட்டம் நடத்தினால் ஒரு வார்த்தை புரியாது.)

மொழி ஒன்றாக இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1980-களின் தொடக்கத்தில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்த் தமிழர்கள். ஆனால் கையாளுகிற பாதரசம் உடம்பை என்ன செய்யும் என்று தங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் புகார். 2001-இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு கிடந்தது வெளியே வந்து, தொழிற்சாலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் தொழிற்சாலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவருக்கும் சமரசம் ஏற்பட 2016 ஆனது. இப்படிப்பட்ட இடத்தில் 'உட்கார்ந்து பேசலாம்' என்பது பொய்ச் சமத்துவம். ஒரு பக்கத்துக்கு மட்டும் எல்லாம் தெரியும், இன்னொரு பக்கத்துக்கு என்ன கேட்பது என்றே தெரியாது. மருந்தடிக்கிற டப்பாவுக்கும், கை சிக்காமல் இருக்க ரோலருக்குப் போட்ட கம்பி வலைக்கும் இதே நியாயம்தான்: அதில் பேரம் பேச இடமில்லை.

அப்படியானால் மேஸ்திரிக்கு என்ன வேலை? ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரி, ஊரில் சாவு என்றால் தகவல், இதிலெல்லாம் அவரைப் போல ஓடக்கூடிய ஆள் கிடையாது. அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள், தொழிலாளி சம்பளத்திலிருந்து அவர் எடுத்துக்கொள்ள விடாதீர்கள். மொழிபெயர்ப்பை மட்டும் அவரிடம் கொடுக்க வேண்டாம். சாத்ரியும் ஓரளவு தமிழும் தெரிந்த ஒரு பெண்ணை, மேஸ்திரியிடம் கடன்படாதவராகப் பார்த்து, கூட்டத்துக்கும் புகார்க் குழுவுக்கும் பேச வையுங்கள். அந்த நேரத்துக்குக் கொழுந்து கணக்குப் பார்க்காமல் முழுநாள் சம்பளம் போடுங்கள்.