செர்ஃப்: சென்ட்ரல் சர்வர் வேண்டாம் என்பவர்களுக்கு

பல இடங்களில் உள்ள கணினிகளை ஒன்றாக இணைத்த கிரிட் மாதிரியான அமைப்பைப் பார்த்துக்கொள்பவர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு: இந்த நிமிடம் எந்த மெஷின் உயிரோடு இருக்கிறது, எதில் என்ன சர்வீஸ் ஓடுகிறது? ஐரோப்பிய கிரிட்களில் இதற்கு பிடிஐஐ என்ற எல்டாப் (விவரங்களைத் தேடி எடுக்கும் அடைவு) சர்வர்கள் இருந்தன. மேல்மட்ட சர்வர் ஒவ்வொரு தளத்தின் விவரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், எல்லோரும் போய் அதைக் கேட்பார்கள். அடுத்த முறை இழுக்கும் வரை அது சொல்வது பழைய கதைதான், அது படுத்துவிட்டால் அதை நம்பியிருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

ஹாஷிகார்ப் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட செர்ஃப் என்ற மென்பொருள் இந்தச் சிக்கலை நடுவில் யாரையும் உட்கார வைக்காமல் தீர்க்கிறது. மெஷினுக்கு ஒரு ஏஜென்ட் (பின்னணியில் ஓடும் புரோகிராம்), ஒரே பைனரி ஃபைல், அவ்வளவுதான் நிறுவல். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு மெஷினின் முகவரியைக் கொடுத்து ஜாயின் சொன்னால் மற்ற எல்லோருக்கும் செய்தி தானாகப் பரவிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒரு மெஷின் செத்துவிட்டது என்று முடிவு செய்வதில் அது காட்டும் நிதானம். 2002-இல் வந்த ஸ்விம் என்ற முறைதான் அடிப்படை. ஒவ்வொரு ஏஜென்டும் வினாடிக்கு ஒருமுறை இன்னொன்றைக் கூப்பிட்டுப் பார்க்கும், பதில் வரவில்லையென்றால் உடனே சாவு அறிவிக்காமல் வேறு மூன்று பேரிடம் நீங்களும் கூப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்கும், அவர்களுக்கும் பதில் இல்லையென்றால் சந்தேகம் என்று மட்டும் குறித்துவைத்து, அந்த மெஷின் நான் இருக்கிறேன் என்று மறுத்துச் சொல்ல அவகாசம் தரும். கிளஸ்டர், அதாவது இப்படிச் சேர்ந்த கூட்டம், பத்து மெஷினாக இருந்தாலும் ஆயிரமாக இருந்தாலும் இந்த விசாரிப்புக்காக ஒரு மெஷின் சுமக்கும் பாரம் ஏறக்குறைய அதேதான். திடீரென்று வந்து திடீரென்று போகும் மெஷின்கள் உள்ள இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான அணுகுமுறை எனக்குத் தெரியவில்லை.

சர்வீஸைத் தேடுவதற்கு டேக், அதாவது மெஷினுக்கு ஒட்டும் சின்ன அடையாளச் சீட்டு, இருக்கிறது. ஜிபியு உள்ள மெஷினுக்கு ஒரு டேக், ஸ்டோரேஜுக்கு ஒன்று என்று போட்டுவிட்டால் எந்த மெஷினில் இருந்து வேண்டுமானாலும் வடிகட்டிப் பார்க்கலாம். குவெரி, அதாவது கேள்வி, அனுப்பினால் சம்பந்தப்பட்டவை நேரடியாகப் பதில் சொல்லும், யாராவது சேர்ந்தாலோ விழுந்தாலோ நீங்கள் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் ஓடும்.

சரி, குறைகள். டேக் எல்லாம் சேர்த்து 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும், அதனால் பெரிய விவரப் பட்டியலெல்லாம் வைக்க முடியாது. இரண்டு மெஷின்களைக் கேட்டால் சில நொடிகளுக்கு வேறு வேறு பதில் வரலாம், பரவும் முறையே அப்படித்தான். எல்லாவற்றையும்விட முக்கியம், செர்ஃப் தன் ஏஜென்ட் உயிரோடு இருப்பதைத்தான் கவனிக்கிறது; உங்கள் சர்வீஸ் தொங்கிப்போயிருந்தாலும் மெஷின் நன்றாக இருக்கிறது என்றுதான் காட்டும். அதற்கு நீங்களே ஒரு சோதனை எழுதி, சர்வீஸ் விழுந்தால் டேக்கை மாற்ற வேண்டும். அப்புறம் ஏஜென்ட்கள் பேசிக்கொள்ளும் 7946 போர்ட்டை டிசிபி, யுடிபி என்ற இரண்டு நெட்வொர்க் முறைகளுக்கும் திறந்து வையுங்கள், என்கிரிப்ஷன் சாவியை நீங்களே போடுங்கள், தானாக இருக்காது.

சர்வீஸ் நலமா என்று பார்க்கும் ஹெல்த் செக், பெயரை வைத்து முகவரி தேடும் டிஎன்எஸ், சின்ன விவரங்களைச் சேமித்துவைக்கும் கீ-வேல்யூ எல்லாம் வேண்டுமென்றால் இதே செர்ஃபை உள்ளே வைத்துக் கட்டிய கான்சல் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆனால் அதற்கு மூன்று அல்லது ஐந்து சர்வர்களைத் தனியாகப் பராமரிக்க வேண்டும், 2023-இல் அதன் லைசென்ஸும் மாறிவிட்டது. யார் இருக்கிறார்கள், யாரிடம் என்ன இருக்கிறது என்பது மட்டும் போதுமென்றால் செர்ஃபையே போடுங்கள்.