பட்டாளத்து நர்ஸா, பெரியாஸ்பத்திரி நர்ஸா? மதுரைப் பெண்களுக்கு ஓர் அலசல்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் மதுரைப் பக்கம் நர்சிங் பேச்சு எழாத தெரு குறைவு. பெரும்பாலும் இரண்டு யோசனைதான் வரும். ஒன்று, மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு நர்சிங் கல்லூரி. இல்லாவிட்டால் கடன் வாங்கியாவது ஒரு தனியார் கல்லூரி. மிலிட்டரி நர்சிங் சர்வீஸ், சுருக்கமாக எம்.என்.எஸ்., என்று ஒன்று இருப்பது சொந்தத்தில் யாராவது பட்டாளத்தில் இருந்தால்தான் காதில் விழுகிறது. அதைக் கேள்விப்பட்டவர்களிலும் பலர் பிளஸ் டூவோடு அந்தக் கதவு மூடிவிடும் என்று நினைக்கிறார்கள். அதற்கு இரண்டு வாசல் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு நுழைவது ஒன்று, வெளியே பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு நுழைவது இன்னொன்று.

முதல் வாசலைப் பார்ப்போம். புனே, கொல்கத்தா, மும்பை, தில்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு ஊர்களில் முப்படை மருத்துவமனைகளோடு சேர்ந்த நர்சிங் கல்லூரிகள் உள்ளன. நாடு முழுவதற்கும் மொத்தம் 220 இடம். நான்கு வருடப் படிப்பு. கல்விக் கட்டணம் இல்லை. தங்குமிடமும் சாப்பாடும் அரசுச் செலவு, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. முடித்ததும் லெப்டினன்ட் என்ற அதிகாரி நிலையில் பணியில் சேரலாம். பதிலுக்கு ஐந்து வருடம் கட்டாயம் வேலை செய்வதாகப் பத்திரம் எழுதித் தர வேண்டும். இந்த பாண்டைப் பார்த்துப் பயப்படும் பெற்றோரை எனக்குப் புரிவதில்லை. படிப்பு முடிந்த மறுநாளே வேலைக்கு உத்தரவாதம் என்று எழுதித் தரும் கல்லூரி நம் ஊரில் எது?

யார் விண்ணப்பிக்கலாம்? பெண்கள் மட்டும்தான். வயது 17 முதல் 25, திருமணம் ஆகியிருக்கக் கூடாது (கணவரை இழந்தவர்களுக்கும் விவாகரத்து பெற்றவர்களுக்கும் சில நிபந்தனைகளோடு வழி உண்டு). குறைந்தபட்ச உயரம் 152 செ.மீ. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து, முதல் முயற்சியிலேயே 50 சதவீதத்துக்குக் குறையாமல் தேறியிருக்க வேண்டும். பள்ளியில் தொழிற்பிரிவு எடுத்து நர்சிங் படித்த பெண்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். நர்சிங் படித்திருக்கிறோமே என்று ஆசையாக வருவார்கள். இயற்பியலும் வேதியியலும் இல்லாததால் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதாகிறது.

அப்புறம் நீட். 2022 முதல் இந்தப் படிப்புக்கும் நீட் மதிப்பெண் கட்டாயம். அதில் தேறினால் மட்டும் போதாது. அந்த மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் போட்டு, பொது அறிவுத்திறன், ஆங்கிலத் தேர்வு, மனநிலைச் சோதனை, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று வடிகட்டுவார்கள். நீட்டைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் அடுத்த கட்டத்தில் ஆங்கிலம் வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியலைவிட இதுதான் பெரிய தடை என்பேன்.

இதோடு அரசு நர்சிங் கல்லூரியை வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு. கட்டணம் குறைவு, வீட்டுக்கும் பக்கம். தொழிலைக் கற்றுக்கொள்ளும் இடம் என்று பார்த்தால், இந்த மாணவிகள் பயிற்சி பெறும் பெரியாஸ்பத்திரியான ராஜாஜி மருத்துவமனைக்கு ஈடு சொல்வது கஷ்டம். தென்மாவட்டங்களிலிருந்து வந்து சேரும் விபத்து, தீக்காயம், பாம்புக்கடி, விஷம், சிக்கலான பிரசவம் எல்லாமே அந்த வார்டுகளில் இருக்கும். ஒரு சிஸ்டருக்கு இத்தனை நோயாளியா என்று பார்க்கிறவருக்கே மூச்சு முட்டும். ஆனால் அங்கே நான்கு வருடம் நின்ற பெண்ணுக்கு ஐ.வி. போடுவதிலோ அவசர நேரத்தில் முடிவெடுப்பதிலோ கை நடுங்காது. ராணுவ மருத்துவமனைக்கு வருகிறவர்கள் படைவீரர்கள், அவர்கள் குடும்பத்தார், ஓய்வுபெற்றவர்கள். அமைதிக் காலத்தில் அங்கே ஒழுங்கும் வசதியும் அதிகம், நெரிசல் குறைவு. வார்டை நடத்தும் பொறுப்பு இளம் வயதிலேயே கைக்கு வரும்.

ஆக, படிப்பு என்ற அளவில் பெரியாஸ்பத்திரி சளைத்ததில்லை. படித்து முடித்த பிறகுதான் பிரச்சினை. தமிழக அரசில் நர்ஸ் வேலைக்கு எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகப் போக வேண்டும். அதில் தேர்வானவர்கள் முதலில் தொகுப்பூதியத்தில்தான் சேர்கிறார்கள். 2015-ல் தேர்வெழுதிச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் நடத்திய போராட்டம் பலருக்கு நினைவிருக்கும். பிறகு அது 14,000 ஆகி 18,000 ஆனது. நிரந்தரமாவதற்கு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். எம்.என்.எஸ். லெப்டினன்டின் அடிப்படைச் சம்பளம் 56,100. அதற்கு மேல் ராணுவப் பணிக்கான தனிப்படி 10,800, பஞ்சப்படி, மற்ற படிகள். அரசு வேலை என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைக்கிறோம்!

நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு. நர்சிங் ஆபீசர் பதவி, அடிப்படைச் சம்பளம் 44,900, நிரந்தர மத்திய அரசு வேலை. இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு. எய்ம்ஸ் என்றதும் 2019-ல் அடிக்கல் நாட்டிய மதுரைத் தோப்பூரை நினைத்துவிட வேண்டாம். பட்டிண்டா, கல்யாணி, தேவ்கர் என்று எங்கே வேண்டுமானாலும் இடம் கிடைக்கலாம். பொம்பளப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பவா என்று ராணுவத்தை வேண்டாம் என்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். நல்ல சம்பளம் வேண்டுமென்றால் எப்படியும் ரயில் ஏறத்தான் வேண்டியிருக்கிறது. ராணுவத்தில் பணியிடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் குடியிருப்பும் பாதுகாப்பும் கூடவே வரும். எய்ம்ஸில் ஒரே ஊரில் வேர் விடலாம், ஆனால் வீடு நாமே பார்க்க வேண்டும். இந்தி இரண்டுக்கும் உதவும்.

திருமணம் பற்றிய பயமும் உண்டு. பயிற்சிக் காலத்தில் திருமணம் செய்துகொள்ள முடியாது. வேலைக்கு வந்த பிறகு அந்தத் தடை இல்லை. முன்பு நிலைமை மோசம். செகந்திராபாதில் பணிபுரிந்த எம்.என்.எஸ். லெப்டினன்ட் ஒருவர், திருமணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988-ல் வேலையைவிட்டு அனுப்பப்பட்டார். அது அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று சொல்லி, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அந்த விதி 1995-லேயே நீக்கப்பட்டுவிட்டது. எவ்வளவு உயரம் போகலாம் என்று கேட்பவர்களுக்கு: கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான இக்னேஷியஸ் டெலாஸ் ஃபுளோரா இதே சேவையில் மேஜர் ஜெனரலாகி, 2023-ல் அதன் தலைமைக்கே வந்தார்.

இனி இரண்டாவது வாசல். பி.எஸ்சி. நர்சிங் முடித்துப் பதிவு பெற்ற பெண்கள் குறுகிய காலப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். வயது 21 முதல் 35. 2024 ஜனவரியில் இந்தத் தேர்வை, நீட்டை நடத்தும் என்.டி.ஏ. (தேசியத் தேர்வு முகமை) நடத்தியது. இங்கே நீட் கேட்பதில்லை, கேள்வி நர்சிங்கிலிருந்து வரும், கூடவே ஆங்கிலமும் பொது அறிவுத்திறனும் உண்டு. குறை என்னவென்றால், அறிவிப்பு வருடாவருடம் தவறாமல் வரும் என்று நம்பி உட்கார முடியாது. குறுகிய காலப் பணி என்பதால் ஓய்வூதியமும் நிச்சயமில்லை.

என் கருத்தைக் கேட்டால்: நீட்டுக்கு எப்படியும் படித்த பெண், ஆங்கிலம் ஓரளவு வரும், வீட்டில் பணத்துக்குக் கஷ்டம் என்றால் முதல் வாசல்தான், இரண்டாவது யோசனையே வேண்டாம். ஆனால் 220 இடத்தை நம்பி ஒரு வருடம் வீட்டில் உட்காருவது சரியில்லை. அந்த வருடமே கலந்தாய்வில் அரசுக் கல்லூரி கிடைத்தால் சேர்ந்துவிட வேண்டும். முடித்ததும் நார்செட்டையும் ராணுவத்தின் குறுகிய காலப் பணித் தேர்வையும் சேர்த்து எழுதலாம். நர்சிங் பகுதிக்கு இரண்டுக்கும் ஒரே பாடப் புத்தகங்கள்தான். லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ந்து, அதை ராணுவச் சம்பளத்தில் அடைக்கலாம் என்று கணக்குப் போடுவதுதான் எனக்குத் துளியும் பிடிக்காத வழி.

பையன்களுக்கு எம்.என்.எஸ்.ஸில் இடம் இல்லை. அவர்களுக்கு உள்ளது நர்சிங் அசிஸ்டன்ட் என்கிற சிப்பாய் நிலை வேலை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் வேண்டும். எழுத்துத் தேர்வும் ஓட்டமும் உண்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்கள் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகின்றன. பி.எஸ்சி. நர்சிங் முடித்த பையனுக்கு இதைவிட நார்செட்தான் பொருத்தம்.

முதல் வாசலுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீட் விண்ணப்பம் வேறு, ராணுவ நர்சிங் விண்ணப்பம் வேறு. பின்னதை ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் தனியாகப் போட வேண்டும். அதற்கான அவகாசமும் குறைவு. நல்ல நீட் மதிப்பெண் எடுத்துவிட்டு, அழைப்பு தானாக வரும் என்று காத்திருந்தால் வராது.