கூகுள் கீப்: ஆசிரியருக்கு எதுவரை கைகொடுக்கும்?

வீட்டுப்பாட நோட்டை யார் இன்னும் தரவில்லை என்று பார்ப்பதற்காகவே கூகுள் கீப் என்ற இந்தக் குறிப்பெழுதும் செயலியை ஃபோனில் வைத்துக்கொள்ளலாம். இலவசம்தான், ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும்.

எக்செல்லில் வரிசை எண்ணும் பெயரும் ஒரே கட்டத்தில் வருமாறு பட்டியலிட்டு, அதைப் புதிய குறிப்பில் ஒட்டுங்கள். செக்பாக்ஸைத் தேர்ந்தெடுத்ததும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு டிக் கட்டம் வந்துவிடும். நோட்டு தந்தவருக்கு டிக் போட்டால் அந்தப் பெயர் கீழே இறங்கும்; மேலே மிஞ்சுவது தராதவர்கள் மட்டுமே. இறங்காவிட்டால், டிக் செய்தவற்றைக் கீழே நகர்த்தும் அமைப்பு அணைந்திருக்கிறது என்று பொருள். மூலப் பட்டியலில் டிக் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் நகல் எடுத்து, தலைப்பில் வகுப்பு, பாடம், தேதி எழுதுங்கள். தேதி இல்லாத நகல்கள் பத்து சேர்ந்தால் எது எதற்கென்று கடவுளுக்கே தெரியாது.

கோப்புறை வசதி கிடையாது, லேபிள்தான். அதிகபட்சம் 50 என்பதால் பாடத்துக்கொன்று, அலகுக்கொன்று என்று அள்ளிவிடாமல் வகுப்புக்கு ஒன்று வையுங்கள்.

புதிதாக வருபவர்கள் பதறுவது 'குறிப்பு காணாமல் போய்விட்டது' என்றுதான். ஆண்ட்ராய்டில் கீப்பின் முகப்புத் திரையில் ஒரு குறிப்பின் மேல் விரல் பக்கவாட்டில் இழுபட்டால் அது காப்பகத்துக்குப் போய்விடும். தேடினால் கிடைக்கும். அழித்துவிட்டால் மட்டும் குப்பைத்தொட்டியில் 7 நாள்தான் இருக்கும்.

சக ஆசிரியரோடு பகிரும் குறிப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. நீங்கள் ஒட்டிய லேபிள் அவருக்குத் தெரியாது. உரிமையாளர் அழித்தால் எல்லோருக்கும் போய்விடும். தேர்வுப் பணிப் பட்டியல் போன்றவற்றுக்கு ஆளுக்கொரு நகல் நல்லது.

பாடக்குறிப்பு எழுத இது சரிப்படாது. அட்டவணை போட முடியாது, ஒரு குறிப்புக்கு எழுத்து வரம்பும் உண்டு. அதற்கு மைக்ரோசாஃப்டின் குறிப்புச் செயலியான ஒன்நோட் மேல்: வகுப்புக்கு ஒரு நோட்புக், அலகுக்கு ஒரு பிரிவு, பிரிவேளைக்கு ஒரு பக்கம். ஆனால் நின்றபடி ஒரு கையால் டிக் போட ஒன்நோட் கனம். மதிப்பெண்ணுக்கு கூகுள் ஷீட்ஸ். இன்னொரு குறிப்புச் செயலியான எவர்நோட்டின் இலவசக் கணக்கில் 50 குறிப்புகளும் ஒரே நோட்புக்கும்தான். ஒரு பருவத்துக்கே காணாது.

கீப்பில் தனிக் குறிப்புக்குப் பூட்டுப் போடும் வசதி இல்லை. பெற்றோரின் ஃபோன் எண், மாணவரின் குடும்ப நிலவரம் போன்றவற்றை அதில் எழுதவே வேண்டாம்.