அதே மயில் மறுபடியும் வேண்டுமென்றால்: ஏஐ பட வரலாற்றுக்கு எந்தக் கருவி?

பெங்களூரு சுல்தான்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆவணியில் அச்சடித்த பத்திரிகையைத் தை மாதம் கொண்டுவந்து, "அதே மயில்தான், தோகை மட்டும் இந்தப் பக்கம் திரும்பட்டும்" என்பார் பெண்ணின் சித்தப்பா. படம் கம்ப்யூட்டரில் இருக்கும். அதை உருவாக்க ஏஐக்குக் கொடுத்த எழுத்துக் கட்டளை (ப்ராம்ப்ட்), படத்தின் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் சீட் எண், படம் போடப் பயிற்றுவித்த மாடல் கோப்பு மூன்றும் இருக்குமா என்பதுதான் கேள்வி. ஆறு மாதம் கழித்து, அந்தப் படத்தைப் போடாத வேறொருவர் உட்கார்ந்தாலும் அதே படம் வரவேண்டும். சொந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் கருவிகளை இந்த ஒரு அளவுகோலில் பார்ப்போம்.

ஆட்டோமேட்டிக்1111 எளிமையானது. பிஎன்ஜி படத்துக்குள்ளேயே ப்ராம்ப்ட், நெகட்டிவ் ப்ராம்ப்ட் (படத்தில் வேண்டாதவை), ஸ்டெப்ஸ், சாம்ப்ளர், சிஎஃப்ஜி போன்ற அமைப்புகள், சீட், அளவு, மாடலின் பெயர் எல்லாவற்றையும் எழுத்தாகப் பதித்துவிடும். பிஎன்ஜி இன்ஃபோ என்ற பக்கத்தில் படத்தைப் போட்டால் அத்தனையும் தெரியும். ஒரு பொத்தானில் மறுபடி ஓட்டவும் அனுப்பலாம். இதன் பெரிய பலம் மாடலின் ஹேஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு. மாடல் கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 கணக்கில் முதல் 10 எழுத்துகள் படத்தோடு சேர்ந்து பதிவாகும். யாராவது அதே பெயரில் வேறு மாடலை வைத்துவிட்டால் இங்கே பிடிபடும். குறை, ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்தை உருவாக்கும் இமேஜ்-டு-இமேஜ் வேலையில். எந்த மூலப் படத்திலிருந்து தொடங்கினோம் என்பது பதிவாகாது. மூலப் படத்தையும் முடிவுப் படத்தையும் ஒரே ஃபோல்டரில் வைக்கும் பழக்கம் இல்லாத கடைக்கு இது பெரிய ஓட்டை.

காம்ஃபி யூஐ இன்னும் ஆழமாகப் போகிறது. படம் உருவாகும் படிகளின் முழு வரைபடத்தையே (வொர்க்ஃப்ளோ) படத்துக்குள் வைக்கிறது. படத்தை இழுத்துத் திரையில் விட்டால் எல்லா நோடுகளும் (ஒவ்வொரு படிக்கும் ஒரு பெட்டி) இணைப்புகளோடு விரிந்துவிடும். வரலாற்றைத் திரும்பப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை என்பது எங்கள் முடிவு. ஆனால் தவறு நேரும் இடங்களும் இதில்தான் அதிகம். கடையின் கையேட்டில் எழுதிவைக்க வேண்டியவை இவைதான்.

முதலில் சீட் எண். வழக்கமான அமைப்பில், படத்தை வரிசைக்கு அனுப்பியதுமே திரையில் உள்ள சீட் அடுத்த படத்துக்கான எண்ணாக மாறிவிடும். திரையைப் பார்த்து நோட்டில் குறித்தால் தவறான எண் குறிக்கப்படும். படத்துக்குள் பதிந்திருக்கும் எண்ணை மட்டுமே நம்ப வேண்டும். அமைப்புகளில் போய், சீட் மாறுவதை ஓட்டுவதற்கு முன் நடக்கும்படி மாற்றிவிட்டாலும் குழப்பம் தீரும்.

அடுத்து, ப்ரிவ்யூ நோடில் வரும் படம் டெம்ப் ஃபோல்டரில்தான் இருக்கும். அடுத்த முறை காம்ஃபி தொடங்கும்போது அது துடைக்கப்பட்டுவிடும். பக்கவாட்டில் தெரியும் ஹிஸ்டரி பட்டியலும் சர்வர் நின்றால் போய்விடும். மின்சாரம் ஒரு முறை போனாலும் காலை முழுக்கப் பார்த்த பட்டியல் காணாமல் போகும். வாடிக்கையாளருக்குக் காட்டும் எதற்கும் சேவ் நோடு கட்டாயம். மாடலைப் பொறுத்தவரை இது கோப்பின் பெயரை மட்டுமே பதிக்கிறது, ஹேஷ் கிடையாது. ஆகவே மாடலைப் புதுப்பித்தால் பழைய கோப்பின் மேல் எழுதக் கூடாது; பதிப்பு எண்ணோடு புதுப் பெயரில் வையுங்கள். மூலப் படமும் பெயராக மட்டுமே இருக்கும், அதனால் இன்புட் ஃபோல்டரையும் பேக்கப் எடுக்க வேண்டும். சிவப்பு நிறத்தில் நோடு வந்தால் அந்த கஸ்டம் நோடு (தனியாக நிறுவ வேண்டிய கூடுதல் நோடு) இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்று பொருள்.

இன்வோக் ஏஐ வேறு வகை. படங்கள் ஒரு பக்கம், அவற்றின் விவரமும் போர்டுகளும் (படங்களைப் பிரித்து வைக்கும் தொகுப்புகள்) எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஒரு பக்கம். ஒரு கல்யாணத்துக்கு ஒரு போர்டு என்று வைத்தால் தேடுவது சுலபம். கோப்புப் பெயர்கள் நீண்ட அடையாள எண்களாக இருப்பதால் ஃபோல்டரைத் திறந்து தேடுவது வீண். படங்களை மட்டும் நகலெடுத்தால் போர்டுகள் வராது. கருவியை நிறுத்திவிட்டு, தரவுத்தளக் கோப்பையும் அவுட்புட்ஸ் ஃபோல்டரையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். இரண்டு மூன்று டிசைனர்கள் இருக்கும் இடத்துக்கு இதைச் சொல்வோம்.

ஃபூகஸ் நாளுக்கொரு ஃபோல்டரும் அதற்குள் ஒரு லாக் பக்கமும் தரும். உலாவியில் திறந்து படிக்கலாம். படத்தை அங்கிருந்து நகர்த்தினால் லாக்கில் படம் தெரியாது. தனியாக வேலை செய்பவருக்குப் போதும்.

கருவி மாறும்போது ஒன்றை மறக்க வேண்டாம். படம் எதிலிருந்து தொடங்குகிறதோ அந்தத் தற்செயல் புள்ளிகளை (ஆரம்ப இரைச்சல்) ஆட்டோமேட்டிக்1111 வழக்கமாக கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியூவில் உருவாக்குகிறது, காம்ஃபி சிபியூவில். சீட், ப்ராம்ப்ட், மாடல் ஒன்றாக இருந்தாலும் படம் வேறாக வரும். பழைய வேலைகளுக்காகப் பழைய கருவியை அழிக்காமல் வைத்திருங்கள்.

எந்தக் கருவியானாலும் விவரம் தொலையும் இடம் பெரும்பாலும் வாட்ஸ்அப். போட்டோவாக அனுப்பினால் ஜேபெக்காகச் சுருங்கி, உள்ளே பதிந்த எழுத்து போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். தமிழ், கன்னட எழுத்துகளை ஃபோட்டோஷாப்பிலோ கோரல்டிராவிலோ தனியாகச் சேர்த்துத்தான் அச்சுக்குப் போகிறது, அங்கே எக்ஸ்போர்ட் செய்யும்போதும் அந்த விவரம் நிற்கும் என்று நம்ப முடியாது. அதனால் அச்சுக் கோப்பின் பெயரிலேயே ஏஐ உருவாக்கிய படத்தின் கோப்பு எண்ணைச் சேருங்கள்.

இடக் கணக்கு: 1024×1024 பிஎன்ஜி ஒன்றுக்குச் சுமார் 1.5 எம்பி. நாளுக்கு 200 படம், மாதம் 25 நாள் என்றால் 7.5 ஜிபி. இதற்குப் பயந்து ஜேபெக்குக்கு மாற்ற வேண்டாம், வெளி ஹார்ட் டிஸ்க் போதும்.

மாதம் ஒரு முறை, ஒப்புதலான பழைய படம் ஒன்றை எடுத்து, அதைப் போடாத ஒருவரிடம் கையேட்டை மட்டும் கொடுத்து மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் எழுந்துவந்து கேள்வி கேட்கிறாரோ, கையேட்டில் அந்த இடத்தில் ஒரு வரி குறைகிறது.