‘ஒரிஜினல் சிறுவிடை’ ஒரு மாதக் குஞ்சு: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

ஈரோடு, நாமக்கல், திருப்பூர் வட்டாரத்துக் குஞ்சு பொரிப்பகங்கள் பலவற்றில் இன்று ‘ஒரிஜினல் சிறுவிடை’ என்று ஒரு மாதக் குஞ்சு விற்கிறார்கள். சிறுவிடை என்பது சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழி. பல்பு வெளிச்சத்தில் சூடு கொடுத்துக் காப்பாற்றும் முதல் நாலு வாரத் தொல்லை நமக்கில்லை. அந்த அளவில் நல்ல பொருள்தான். ஆனால் கூடுதல் காசு வாங்குவது ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு. தட்டிப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

முதலில் தடுப்பூசிக் கணக்கு. முதல் வாரம் கண்ணில் லசோட்டா சொட்டு (வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு), 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து, 28ஆம் நாள் மறுபடி லசோட்டா. இந்த மூன்றும் முடிந்ததுதான் ஒரு மாதக் குஞ்சு. இருபது நாள் குஞ்சை ஒரு மாதம் என்று தள்ளிவிட்டால் மூன்றாவது சொட்டு விட்டுப்போயிருக்கும், வெள்ளைக்கழிச்சல் வந்தால் தாங்காது. எட்டாவது வாரம் அதே நோய்க்கான ஆர்2பி ஊசியை நாம்தான் போட வேண்டும்: தோலுக்கு அடியில் 0.5 மில்லி.

இனி அசலா என்ற கேள்வி. “மஞ்சக் கால் பாருங்க” என்று குஞ்சைத் தூக்கிக் காட்டுவார்கள். அது சான்றே அல்ல. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. மஞ்சள் தோலுக்கான மரபணுவோ, ஆனைமலை, சத்தியமங்கலம் காடுகளில் இன்றும் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்து வந்தது என்று 2008இல் கண்டறிந்தார்கள். பிறகு அது உலகம் பூராவும் பரவிவிட்டது. நாமக்கல் பண்ணையில் முட்டையிடும் வெள்ளை லெகார்ன் கோழிக்கும் கால் மஞ்சள்தான்.

தராசு பொய் சொல்லாது. சிறுவிடை ஒரு கிலோ தொட நாலு ஐந்து மாதம் ஆகும். எண்பது நாளுக்குள் கிலோவைத் தாண்டினால் கலப்பினம் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். கறிக்கு வளர்ப்பவருக்கு அது குறையே இல்லை, தீவனச் செலவும் மிச்சம்.

தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) விட்டு இனம் பெருக்க நினைப்பவருக்குத்தான் சிக்கல், அதுவும் வாங்கி ஆறேழு மாதம் கழித்துத்தான் தெரியும்: கோழி முட்டையிடும், அடைக்குப் படுக்காது. யாரும் வேண்டுமென்று செய்த ஏமாற்று அல்ல இது, பொரிப்பான் செய்த வேலை. ஊர்க்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை வைத்து, 21 நாள் படுத்து, பிறகு இரண்டு மாதம் குஞ்சுகளோடு திரியும். அதனால் ஆண்டுக்கு 40, 60 முட்டைதான் தேறும். முட்டையைத் தினமும் பொறுக்கிப் பொரிப்பானில் அடுக்கும் பண்ணையில், அடைக்குப் படுக்கிற கோழியின் முட்டை குறைவாகவும் படுக்காத கோழியின் முட்டை அதிகமாகவும் சேரும். அடுத்த தலைமுறையில் யாருடைய குஞ்சு அதிகம் இருக்கும்? ஒருவரும் கோழியைத் தேர்ந்தெடுக்காமலே, தலைமுறை போகப் போக அடைக் குணம் தேய்ந்துகொண்டே வரும். இயந்திரமே இல்லாத தோட்டத்திலோ அடைக்குப் படுக்காத கோழிக்கு வாரிசே கிடையாது. (மூக்கில் இறகு செருகுவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் அந்தக் கோழியின் அடையைக் கலைக்குமே தவிர, அதன் குஞ்சுகளின் குணத்தை மாற்றாது.)

நிறமும் அப்படித்தான். பண்ணைக் கூண்டுக்குள் வெள்ளைக் குஞ்சும் தவிட்டு நிறக் குஞ்சும் ஒன்றே. வெளியில் விட்டால் வல்லூறு கண்ணில் முதலில் படுவது வெள்ளை. மர உச்சிக்குப் பறந்து அடையும் லேசான உடம்பு, நிழல் ஆடினாலே வேலிக்குள் ஓடி ஒளியும் பயம், இவையெல்லாம் பருந்தும் கீரியும் தலைமுறை தலைமுறையாகச் சலித்து எடுத்தவை. பண்ணைக் குஞ்சு அந்தச் சல்லடைக்குள் போனதில்லை. ஆகவே தோட்டத்தில் விட்ட முதல் மாத இழப்பை விற்றவர் தலையில் முழுதாகக் கட்ட முடியாது.

வாங்கியவர்கள் கெடுப்பதும் உண்டு. கருப்பராயன் பொங்கலுக்கும் கறிக்கடைக்கும் கொழுத்த சேவலாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்துவிட்டு, வற்றல் சேவலைப் பெட்டைகளோடு விட்டு வைக்கிறோம். அதுவும் தேர்வுதான், தலைகீழ்த் தேர்வு. நேர்த்திக்கடன் சேவலை முட்டைகள் கருக்கூடிய பிறகு கொடுத்தால் சாமி கோபிக்காது.

மொத்தத்தில் கறிக்கு என்றால் ஐந்துக்கு நாலு மதிப்பெண், இனம் பெருக்க என்றால் ஐந்துக்கு இரண்டு. இனத்துக்கு வேண்டுமென்றால் அடைக்கோழியோடு சேர்த்துக் குஞ்சு விற்கும் ஆளை வாரச் சந்தையில் தேடுங்கள், விலை கூடத்தான் செய்யும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், அதை வேறு ஊரில் வாங்குங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சேவலை மாற்றாவிட்டால் கூமுட்டையும், ஓட்டுக்குள்ளேயே சாகும் குஞ்சும் கூடிக்கொண்டே போகும்.